புட்டிக் குழம்பும் வீட்டுச் சாப்பாடும்

தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கோயில் வாயிலிலிருந்து கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு மாமியாரும் மருமகளும் நம்மிடம் நியாயம் கேட்டு வந்தனர். மாமியார் எழுபதைக் கடந்தவர். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் காவிரிக் கரையில். மருமகள் பள்ளி ஆசிரியை. காலை ஏழரைப் பேருந்தைப் பிடித்துத் தஞ்சைக்குச் சென்று, மாலை ஆறு மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர்.

“ஐயா, நீங்களே சொல்லுங்க. கடையில விக்கிற புட்டியத் தொறந்து சோத்துல கொட்டிக் கிளறுனா, அதுக்குப் பேரு சமையலா?” என்றார் பெரியவர்.

“அத்தை, சோறு வடிக்கிறது நான், தாளிச்சுக் கொட்டுறது நான், பரிமாறுறது நான். நாம என்ன ஓட்டலுக்கா போறோம்? இது வீட்டுச் சாப்பாடு இல்லேன்னா வேற எது?” என்றார் மருமகள்.

மாமியார் மருமகள் சண்டை தீர்க்கும் வேலையை நாம் ஏற்பதில்லை. ஏற்றவர் எவரும் நிம்மதியாக இருந்ததில்லை. சிரித்துப் பேசி அனுப்பிவிடலாம் என்றே எண்ணினோம். ஆனால் வழக்கின் பின்னே இன்னொருவர் இருந்தார். அந்த வீட்டுப் பெரியவருக்கு இரத்த அழுத்தம். மருத்துவர் அவரைப் பார்த்து, “வெளியில் சாப்பிடும் பழக்கம் உண்டா?” என்று கேட்டிருக்கிறார். “மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடுதான்” என்று பெருமையோடு விடை சொல்லியிருக்கிறார்கள். “நல்லது, உப்பை மட்டும் பாதியாகக் குறையுங்கள்” என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருமகள் அன்று முதல் உப்புச் சாடியில் கை வைப்பதைப் பாதியாகக் குறைத்தார். முன்பு ஒரு மாதத்தில் தீர்ந்த ஒரு கிலோ உப்புப் பொட்டலம் இப்போது இரண்டு மாதம் வருகிறது என்று கணக்கும் வைத்திருந்தார். மாதங்கள் மூன்று ஆயின. அழுத்தம் மட்டும் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை.

அந்த வீட்டு அலமாரியில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டோம். புளியோதரைக் காய்ச்சல் ஒரு புட்டி, தக்காளித் தொக்கு ஒரு புட்டி, வற்றல்குழம்பு விழுது ஒரு பொட்டலம், இஞ்சி பூண்டு விழுது, பிள்ளைக்கு முட்டைச் சோறு கிளற சோயா சாஸ், தொட்டுக்கொள்ளத் தக்காளி சாஸ். வாரத்தில் நான்கு நாட்கள் இவற்றில் ஒன்றோ இரண்டோ இலைக்கு வருகின்றன. மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்று; அவர்கள் சொன்ன விடை மற்றொன்று. இடையில் “வீட்டுச் சாப்பாடு” என்ற சொல்லே பொருள் மாறிப்போயிருந்தது. ஆகவேதான் இந்த வழக்கைச் சிரித்து விட்டுவிட மனம் வரவில்லை.

அவசரம் புதிதன்று

இக்காலப் பெண்களுக்குத்தான் நேரமில்லை, அக்காலத்தில் எல்லாரும் அடுப்படியில் அமர்ந்து ஆற அமரச் சமைத்தார்கள் என்று பேசுவோர் காவிரிப் படுகையை அறியாதவர்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, குறுவை நடவு தொடங்கிவிட்டால், நாற்றுப் பறிக்கவும் நடவும் செல்லும் பெண்கள் விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். அவர்கள் எப்போது அம்மியில் அரைத்தார்கள், எப்போது குழம்பு கூட்டினார்கள்? தூக்குச் சட்டியில் பழைய சோறும் ஒரு துண்டு ஊறுகாயும், இல்லையேல் இரண்டு மோர் மிளகாயும் ஒரு சுட்ட கருவாடும். அதுவே பகல் உணவு.

அந்த அவசரத்துக்கு வேண்டியதைச் சித்திரை, வைகாசி வெயிலிலேயே சேர்த்து வைத்துக்கொள்வது நம் வீடுகளின் வழக்கம். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி என்று பானைகளும் சாடிகளும் நிறையும். அவற்றுள் சோழநாட்டுக்கே உரிய பெருமை பெற்றது தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, ஊறவைத்து அரைத்த உளுந்தும், கடுகும், வெந்தயமும், சீரகமும், மஞ்சளும், கறிவேப்பிலையும், உப்பும் சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பாயில் பரப்பி, பகலெல்லாம் வெயிலில் காயவைத்து, மாலையில் எடுத்து மூடிவைத்து, மறுநாள் உதிர்த்துப் பிசைந்து மீண்டும் உருட்டி, இப்படியே பல நாட்கள் ஆக்குவார்கள். மாடியில் வடகம் காயும் தெருவுக்குள் நுழைந்தால் அந்த மணமே வழிகாட்டும். பின்னர் ஆண்டு முழுவதும், எண்ணெயில் அரை உருண்டையை உதிர்த்துப் போட்டால் தாளிப்பு முடிந்தது. உரித்தலும் இல்லை, நறுக்கலும் இல்லை. இது விரைவுச் சமையலன்றி வேறென்ன?

புளிக்காய்ச்சலும் அவ்வாறே. ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள் பெருவிழாவுக்கு வேளாங்கண்ணி நோக்கி நடந்து செல்வோரின் கட்டுச்சோற்று மூட்டையில் புளிச்சோறு இருப்பது காரணமின்றி அன்று. புளியின் அமிலம், வற்றக் காய்ச்சியதால் குறைந்த நீர், மேலே மிதக்கும் நல்லெண்ணெய், உப்பு ஆகிய நான்கும் சேர்ந்து சோறு விரைவில் கெடாமல் காக்கின்றன. புட்டியில் அடைத்து விற்கும் நிறுவனமும் இந்த நான்கையே நம்பியிருக்கிறது. போதாததற்கு ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்கிறது.

ஆகவே முன்கூட்டிச் செய்து வைத்ததைக் கொண்டு விரைந்து சமைப்பது குற்றமென்றால், நம் பாட்டிமார் அனைவரும் குற்றவாளிகளே. இதை மாமியாரிடம் சொன்னபோது, “அது நாங்க செஞ்சதுல்ல?” என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

உலக்கை போன கதை

வீட்டு வேலையை வெளியே கொடுப்பதும் நமக்குப் புதிதன்று. சோழநாட்டு வீட்டில் பெண்கள் செய்த வேலைகளுள் மிகக் கடியது நெல் குத்துதல். ஆலைகள் வந்தன, உரலும் உலக்கையும் மூலைக்குப் போயின. அதற்காக எந்தப் பெண்ணும் கண்ணீர் விட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆலையில் அரைத்த அரிசியை வடித்துவிட்டு “இது வீட்டுச் சோறுதானா?” என்று எவரும் ஐயுற்றதும் இல்லை.

ஆனால் அந்த மாற்றத்தில் ஒன்று நம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. ஆலை தவிட்டை முழுதும் சீவி எடுத்துவிட்டது. தவிட்டோடு அதிலிருந்த உயிர்ச்சத்தும் போயிற்று. தீட்டிய பச்சரிசியே உணவாக இருந்த நாடுகளில் கால் மரத்து, இதயம் தளர்ந்து உயிரை வாங்கும் ‘பெரிபெரி’ என்னும் நோய் பரவியது. 1890-களில் சாவகத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கும் அதைப் போன்ற நோய் வருவதைக் கண்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1918-இல் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடத்துக்கு முதலில் இட்ட பெயரே பெரிபெரி விசாரணைக் கூடம் என்பதுதான். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. பச்சரிசி உண்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் இந்நோய் காணப்பட்டது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மக்கள் பெரும்பாலும் தப்பினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுவதுதான் காரணம். அதை அறிந்து நம்மவர் அவித்தார்கள் என்று சொல்ல மாட்டோம். அவித்தது நம்மைக் காத்தது.

தஞ்சைப் புதுக்கோட்டைச் சாலையில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியதே. நெல்லிலிருந்து அதன் பார்வை இன்று எல்லா வகை உணவுப் பதப்படுத்தலுக்கும் விரிந்திருக்கிறது. நம் அடுப்படிகள் சென்ற வழியும் அதுதான்.

அரிசி ஆலைக் கதையை இங்கே சொன்னதற்குக் காரணம் உண்டு. வேலையை வெளியே கொடுக்கும்போது, அந்த வேலையோடு வேறு எது கைமாறுகிறது என்று கேட்க வேண்டும். ஆலை ஓர் உயிர்ச்சத்தை எடுத்துக்கொண்டது. புட்டியோ ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கிறது.

பொடிக்கும் புட்டிக்கும் நடுவே ஒரு கோடு

உரலுக்குப் பின் அம்மி போயிற்று. மிளகாயும் மல்லியும் வெயிலில் காயவைத்து, மஞ்சளும் சீரகமும் மிளகும் அளந்து போட்டு, மிஷினில் கொடுத்து அரைத்து வந்து சாடியில் அடைப்பது வழக்கமாயிற்று. இன்றும் எத்தனையோ வீடுகளில் அது நடக்கிறது. பிறகு கடைப்பொடி வந்தது. 1975-இல் ஈரோட்டில் மஞ்சள் தூள் வணிகமாகத் தொடங்கிய சக்தி மசாலாவும், 1995-இல் சென்னையில் தொடங்கிய ஆச்சி மசாலாவும் இன்று தமிழ்நாட்டின் எந்தப் பெட்டிக் கடையிலும் சரம் சரமாகத் தொங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால், நம் குழம்புப் பொடியைப் பொட்டலமிட்டு விற்கும் எண்ணம் நமக்கு முன்பே வெள்ளைக்காரருக்கு வந்துவிட்டது. 1784-இலேயே இலண்டன் பிக்கடில்லியில் ஒரு வாசனைப் பொருள் கடை ‘கறித் தூள்’ விற்பதாக நாளேட்டில் விளம்பரம் செய்தது. 1830-களில் ஊஸ்டர் நகரில் விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற சாஸில் புளியும் நெத்திலி வகை மீனும் சேர்கின்றன. நாகப்பட்டினத்து மீன் குழம்பின் தூரத்து உறவு என்று அதைச் சொல்லலாம். ருசி பார்த்தவர்கள் மறுக்கக்கூடும்.

இப்போது வழக்குக்கு வருவோம். கடையில் வாங்கிய சாம்பார் பொடியைப் போட்டுக் குழம்பு வைத்தால் அது வீட்டுச் சமையல்தான் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. ஏன்? பொடி, மணமும் காரமும் மட்டுமே தருகிறது. எத்தனை புளி கரைப்பது, எத்தனை பருப்பு வேகவைப்பது, எந்தக் காயைப் போடுவது, எத்தனை எண்ணெய் ஊற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாக எத்தனை உப்பு இடுவது என்பதையெல்லாம் அடுப்புக்கு முன் நிற்பவரே முடிவு செய்கிறார். அவருக்கு அந்த இலையில் உட்காரப் போகிறவர் யாரென்று தெரியும். மாமனாருக்கு அழுத்தம், பிள்ளைக்குக் காய்ச்சல், கணவருக்கு வயிற்றுப் புண் என்று தெரியும். (சில பொடிகளிலும் உப்பைக் கலந்துவிடுகிறார்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குவது நல்லது.)

புட்டி வேறு. காய்ச்சல், தொக்கு, விழுது, சாஸ் ஆகியவற்றில் உப்பும் எண்ணெயும் புளிப்பும் இனிப்பும் முன்பே இடப்பட்டுவிட்டன. இட்டவருக்கு நம் வீட்டுப் பெரியவரைத் தெரியாது. புட்டி பல மாதம் கடை அலமாரியில் கெடாமல் நிற்க வேண்டும், முதல் வாயிலேயே நாவைப் பிடிக்க வேண்டும் என்ற இரண்டே கவலை அவருக்கு. அவ்விரண்டுக்கும் உப்பு உதவுகிறது. நம் வீட்டு உப்புச் சாடியின் மூடி மூடியே இருக்க, உப்பு வேறு வழியில் இலைக்கு வந்துவிடுகிறது. அந்த ஆசிரியை பாதியாகக் குறைத்தது சாடி உப்பை. புட்டி உப்பை அவர் குறைக்கவில்லை, குறைக்க வழியும் இல்லை.

எழுத்துக்கள் மிகச் சிறியவை

நமக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு போதும்? வளர்ந்த ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் அந்த அளவையே கூறுகிறது. அது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. நால்வர் உள்ள வீட்டில் ஒரு மாதத்துக்கு 600 கிராம். இதில் குழம்பு, ஊறுகாய், அப்பளம், முறுக்கு, புட்டி எல்லாம் அடக்கம்.

புட்டியின் சீட்டில் பெரும்பாலும் ‘உப்பு’ என்று அளவு போடுவதில்லை. ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் போடுகிறார்கள். அந்த எண்ணை 400-ஆல் வகுத்தால் உப்பு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். ஒரு காய்ச்சல் புட்டியில் 100 கிராமுக்கு 2,400 மில்லிகிராம் சோடியம் என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். 6 கிராம் உப்பு. 200 கிராம் புட்டியை நால்வருக்கு ஒரு வேளைச் சோற்றில் கிளறினால் ஆளுக்கு 3 கிராம்; ஒரு நாளைய அளவில் பாதிக்கு மேல் ஒரே வேளையில் போயிற்று. பக்கத்தில் அப்பளம் இருந்தால் சொல்லவே வேண்டாம். சோயா சாஸ் இதில் முதலிடம் பிடிக்கும்: ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம், அதாவது இரண்டு கிராமுக்கு மேல் உப்பு. தக்காளி சாஸில் உப்போடு சர்க்கரையும் உண்டு. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. பிள்ளைகள் ஏன் அதை விரும்புகிறார்கள் என்று தனியே ஆராய வேண்டியதில்லை.

சேர்மானங்களை எடையில் மிகுந்தது முதலில் வரும் வரிசையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. தக்காளித் தொக்கு என்று பெயர் வைத்துவிட்டு, வரிசையில் எண்ணெய் முன்னே நின்று தக்காளி பின்னே நின்றால் நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது விளங்கும். 211, 202, 260 என்று எண்கள் இருப்பதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். 211 சோடியம் பென்சோவேட், 202 பொட்டாசியம் சோர்பேட், 260 அசிட்டிக் அமிலம், அதாவது காடியின் புளிப்பு. இவை கெடாமல் காக்கச் சட்டம் அனுமதித்த அளவில் சேர்ப்பவை. இவற்றை நஞ்சென்று வதந்தி பரப்புவதில் நமக்கு உடன்பாடில்லை. எண்களைக் கண்டு அஞ்சும் அதே வீட்டில், சோடியம் என்ற வரியை ஒருவரும் படிப்பதில்லை என்பதுதான் நம் குறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொருள் பல கைகள் மாறி வரும்போது தவறு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிப்பது கடினம். 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் 400-க்கும் மேற்பட்ட உணவு வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். காரணம், ஒரு சாஸில் சேர்ந்த மிளகாய்த் தூளில் ‘சூடான் 1’ என்னும் சாயம் கலந்திருந்தது. உணவில் சேர்க்கக் கூடாத அச்சாயம் கலந்த மிளகாய்த் தூள் போனது நம் இந்தியாவிலிருந்துதான். ஒரு மூட்டையில் செய்த கலப்படம் சாஸில் கரைந்து, சாஸ் வழியே நூற்றுக்கணக்கான ஆயத்த உணவுகளில் புகுந்துவிட்டது. மிளகாயைக் கண்ணால் பார்த்துக் காம்பு கிள்ளி மிஷினில் கொடுக்கிறவருக்கு இந்தக் கவலை குறைவு.

அத்தையின் சாடிகள்

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் முகத்தில் வெற்றிக் களை தெரிந்தது. அதை நெடுநேரம் நீடிக்க விட மனம் வரவில்லை. “அம்மா, உங்கள் வீட்டு ஊறுகாய்ச் சாடி எங்கே இருக்கிறது?” என்று கேட்டோம்.

ஊறுகாயும், உப்பில் ஊறிய மோர் மிளகாயும், கருவாடும், அப்பளமும் கடைப் புட்டிக்கு எந்த விதத்திலும் இளைத்தவையல்ல. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியமே. “நாங்கள் செய்தது” என்பதால் உப்பு தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. அந்தப் பெரியவர் வயலில் நின்ற காலத்தில் சித்திரை வெயிலில் வியர்வையாய்க் கொட்டிய உப்பை அந்த ஊறுகாய்த் துண்டு ஈடு செய்தது. இன்று அவர் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார். உடல் மாறிவிட்டது, சாடி மாறவில்லை. கையால் செய்தவருக்கு அதை மாற்றும் உரிமை இருக்கிறது. அடுத்த முறை உப்பைக் குறைத்துப் போடலாம். குளிர்பெட்டியில் வைத்து விரைவில் செலவழிக்கலாம். மாமியார் முன்பு சொன்ன “நாங்க செஞ்சதுல்ல?” என்பதில் நாம் கண்ட உண்மை இதுவே. புட்டியிடம் அவ்வாறு சொல்ல முடியாது.

அவருக்கு அது பிடிக்கவில்லை. “உப்பில்லாம ஊறுகாயா?” என்றார். நாம் பதில் சொல்லவில்லை.

யாருடைய நேரம்?

மருமகள் அப்போது கேட்ட கேள்வி நம்மைச் சற்றுத் தயங்க வைத்தது. “எல்லாம் சரிங்க ஐயா. புட்டிய விட்டுட்டா, காலையில அஞ்சு மணிக்குப் பதிலா நாலு மணிக்கு எழுந்திரிக்கிறது யாரு?”

புட்டியைக் குறை கூறும் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு என்ன சொல்கிறது? ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஒரு நாளில் வீட்டு வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர். ஈடுபட்ட பெண் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபட்ட ஆண் 97 நிமிடம். ‘நேரமில்லாத குடும்பம்’ என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் நேரமில்லாத ஒரு பெண்ணையே சொல்கிறோம். கடைப் புட்டி அவளுக்குக் கொடுத்தது அரை மணி நேரம். கணவனும் பிள்ளைகளும் கொடுக்காத அரை மணி நேரத்தை ஒரு புட்டி கொடுத்தால் அவள் அதை வாங்கத்தான் செய்வாள். அவளைக் கடிந்து என்ன பயன்?

2014-இல் பிரேசில் நாட்டு அரசு தன் மக்களுக்கு உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய ஆயத்த உணவுகளைத் தவிர்த்து வீட்டில் சமைக்கச் சொன்ன அந்நூல், நேரமின்மை ஒரு தடையே என்பதை ஒப்புக்கொண்டு, வாங்குவது முதல் கழுவுவது வரை வேலையை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியது. உணவு நூலில் ஆண்களைப் பாத்திரம் கழுவச் சொல்லியிருப்பது நம்மில் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். அது இல்லாமல் மற்ற அறிவுரைகளுக்கு வழியே இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வேலையும் நாம் அஞ்சுவது போல் அவ்வளவு பெரிதன்று. புளிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, 100 கிராம் புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, கடலைப் பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளோடு கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரியும்போது வறுத்துப் பொடித்த வெந்தயமும் சிறு துண்டு வெல்லமும் சேர்த்து இறக்கினால் ஒரு வாரத்துக்கு வேண்டியது ஆயிற்று. முக்கால் மணி நேரம். அதிலும் பாதி நேரம் அது தானே கொதிக்கிறது. உப்பைக் காய்ச்சலில் பாதி மட்டும் இட்டு, குளிர்பெட்டியில் வைத்து, மீதியைச் சோறு கிளறும்போது அவரவர்க்கு ஏற்பச் சேர்க்கலாம். பெரியவர் பங்கைச் சேர்க்காமலே தனியே எடுத்து வைக்கலாம். கடைப் புட்டி தர முடியாத வசதி இது.

அப்படியானால் புட்டியே கூடாதா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. தேர்வு நாளில், காய்ச்சல் நாளில், திடீரென விருந்தினர் வந்த நாளில் ஒரு புட்டி கை கொடுக்கும், கொடுக்கட்டும். அந்நாளில் மேலும் உப்பு இடாமல், அப்பளம் பொரிக்காமல், அரைப் புட்டியைக் கூடுதல் சோற்றோடு கிளறி, ஒரு கீரையோ தயிர்ப் பச்சடியோ உப்பின்றிச் சேர்த்துவிட்டால் போதும். அதை வீட்டுச் சாப்பாடு என்று சொல்லவும் நமக்குத் தடையில்லை. ஆனால் வாரத்தில் நான்கு நாட்கள் உப்பும் எண்ணெயும் புளிப்பும் புட்டியிலிருந்தே வந்தால், அது வீட்டில் சூடாக்கிய கடைச் சாப்பாடு. மருத்துவர் கேட்கும்போது அப்படியே சொல்லிவிட வேண்டும். புட்டியையே எடுத்துச் சென்று அவர் மேசையில் வைத்தால் இன்னும் நல்லது.

சில மாதங்கள் கழித்து, பங்குனி முடிந்து சித்திரை பிறந்ததும், அவ்வழியே சென்றபோது அந்த வீட்டுக்குள் நுழைந்தோம். திண்ணையில் பெரியவர் செய்தித்தாளை விரித்து அதன்மேல் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், கண்கள் கலங்கியிருந்தன. ஆசிரியையின் கணவர் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தார். அலமாரியில் சோயா சாஸ் இல்லை. தக்காளி சாஸ் மட்டும் பிள்ளையின் பிடிவாதத்தால் இன்னும் குடியிருந்தது. மாடியில் பாய் விரித்து வடகம் காய்ந்தது. உப்பைக் குறைத்ததால் பூசணம் பிடிக்காதிருக்க இரண்டு நாள் கூடுதலாகக் காயவைக்கிறோம் என்றார் மருமகள். உப்பு அளந்தது தானே என்றார் மாமியார். “இல்லை அத்தை, நான்தான் அளந்தேன், நீங்க மேலே ஒரு கை அள்ளிப் போடப் பார்த்தீங்க” என்றார் மருமகள். அந்த வழக்குக்கு நம்மிடம் நியாயம் கேட்காதிருக்க, மோரை விரைந்து குடித்துவிட்டுக் கிளம்பினோம்.